ரேங்க் கல்லூரிக்கு, பட்டம் பிள்ளைக்கு: சேர்க்கைக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நெல்லையில் வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை மார்க்கெட் வரை கல்லூரி விளம்பரத் தட்டிகளுக்குப் பஞ்சமே இருக்காது. தேசியத் தரவரிசையில் இத்தனையாவது இடம் என்று ஆளுயர எழுத்தில் ஓர் எண் நிற்கும். வள்ளியூரிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வருகிற பெற்றோரின் முதல் கேள்வியும் அந்த எண்ணைப் பற்றியதுதான். “அண்ணாச்சி, நூறு ரேங்குக்குள் வருகிறதாம். பிள்ளையைத் துணிந்து சேர்த்துவிடலாமா?”

சேர்க்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். ரேங்க் ஒரு நிறுவனத்துக்குப் போடப்படும் மதிப்பெண். பட்டத்தின் மதிப்போ, நாளைக்கு அதை எந்த இடத்தில் நீட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் லட்சங்களைக் கொட்டிவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறோம்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்துத்தான். பல்கலைக்கழகம் நல்ல ரேங்கில் இருக்கிறது, எங்கள் கல்லூரியில் படித்தாலும் அதே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான் என்று சேர்க்கை அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த ரேங்க் கிண்டி, குரோம்பேட்டை போன்ற பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களுக்கு உரியது. மாநிலம் முழுக்க உள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகளுக்கு அதில் பங்கில்லை. ரேங்க் வேண்டுமானால் அவை தனியாக விண்ணப்பித்துத் தனியாக வாங்க வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சான்றிதழின் தலைப்போடு நிறுத்திக்கொள்வதில்லை, கல்லூரியின் பெயரையும் கேட்கிறார்கள். அபிஷேகப்பட்டியில் 1990-ல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் இதே கணக்குதான். அதன் பெயர் எடுக்கும் மதிப்பெண்ணை, அதோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு கலை அறிவியல் கல்லூரிக்கும் சேர்த்து எழுதிவிட முடியாது.

அடுத்தது, ரேங்கில் என்ன எண்ணப்படுகிறது என்றே பாராமல் நம்புவது. மத்திய அரசின் தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. பொறியியல் பிரிவில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் முடித்தவர்களின் நிலைக்கு 20, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, நற்பெயருக்கு 10 என்று மதிப்பெண் பிரிக்கிறார்கள். கற்பித்தலுக்கு 30 என்றாலும், வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்டு மதிப்பெண் போடுபவர் யாருமில்லை. எத்தனை ஆசிரியர், எத்தனை பேருக்கு முனைவர் பட்டம், எவ்வளவு செலவு என்று எண்ணக்கூடியவற்றைத்தான் எண்ணுகிறார்கள். உலகப் பட்டியல்களும் அப்படியே. ஷாங்காய் பட்டியலில் நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் வாங்கிய முன்னாள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் 30 சதவீதம். கியூ.எஸ். பட்டியலில் கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் போடும் மதிப்பெண்ணே 30 சதவீதம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது 40 சதவீதமாக இருந்தது. பெயர் இருப்பவருக்குப் பெயர் சேரும் வழி இது. பட்டியல்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாளையங்கோட்டைக்குத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று பெயர் வந்துவிட்டதே, அதற்கு எந்தக் கருத்துக்கணிப்பும் தேவைப்படவில்லை!

இந்தத் தகவல்களில் பெரும்பகுதியைக் கொடுப்பது கல்லூரிகளேதான். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்நாட்டுப் பட்டியல் ஒன்றில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ், பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் சரியில்லை என்று 2022-ல் எழுதினார். அதே ஆண்டு பட்டியலில் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் அங்கே படிப்பு பதினாறு படி கெட்டுப்போயிருக்குமா என்ன?

ஆனால் அதே என்.ஐ.ஆர்.எஃப்.பில் பயனுள்ள ஒன்று இருக்கிறது, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்திலும் பி.டி.எஃப். கோப்பாகப் போட்டிருக்கும். அதில் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு பற்றி ஓர் அட்டவணை உண்டு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சேர்ந்தவர்கள் 240, குறித்த காலத்தில் தேறியவர்கள் 160, வேலை பெற்றவர்கள் 100, இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 3 லட்சம். விளம்பரத் தட்டியில் இதே கல்லூரி ‘90 சதவீத வேலைவாய்ப்பு’ என்று போட முடியும். அரியர் இல்லாமல் வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தவர்களை மட்டும் கீழே போட்டு வகுத்தால் போதும். உங்கள் பிள்ளை சேரும்போது அந்த 240 பேரில் ஒருவர். அப்படிப் பார்த்தால் வேலை கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு. ‘அதிகபட்சச் சம்பளம் 40 லட்சம்’ என்ற வரியைப் படிக்கவே வேண்டாம், அது ஒருவர் வாங்கியது. இடைநிலைச் சம்பளம் என்றால் வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கும் கீழே வாங்குகிறார்கள் என்று பொருள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுவதுண்டு, அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்திக்கொள்வதால் அவற்றை இந்த வழியில் ஒப்பிட முடியாது.

நல்ல ரேங்க் கல்லூரியில் படித்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள், ஆகவே கல்லூரிதான் காரணம் என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. 200-க்கு 195 கட்ஆஃப் வாங்கிய பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால், அவர்கள் எங்கே படித்தாலும் முன்னுக்கு வரத்தான் செய்வார்கள். அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002-ல் இதை ஆராய்ந்தார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல் வேறிடத்தில் படித்தவர்களின் சம்பளம், போனவர்களின் சம்பளத்துக்குப் பெரும்பாலும் குறைவாக இல்லை. இத்தோடு நிறுத்திவிட்டு ‘எங்கே படித்தால் என்ன’ என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், பிந்தைய ஆய்வின்படி பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்கும், பெரிய கல்லூரியால் உண்மையிலேயே பலன் இருந்தது. அவர்கள் நாடு வேறு, நம் நாடு வேறு. இருந்தாலும் நாங்குநேரிப் பக்கத்து முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால், ‘ரேங்க் எல்லாம் சும்மா’ என்று சொல்லி அதைத் தட்டிவிடாதீர்கள். வீட்டில் இல்லாத அறிமுகங்களை அவருக்குக் கல்லூரிதான் தர வேண்டும்.

பட்டமே வேண்டாம் என்பதற்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இயங்கும் மென்பொருள் நிறுவனமான ஜோஹோவை உதாரணம் காட்டுவார்கள். பட்டம் இல்லாதவர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுப்பது அந்த நிறுவனத்தின் பெருமை, மறுக்கவில்லை. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டத்தை எங்கே நீட்டப்போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டும், ரேங்க் வேண்டாம். அரசுத் தேர்வுதான் இலக்கு என்றால் பாளையங்கோட்டையிலேயே குறைந்த கட்டணத்தில் பி.ஏ. படித்துவிட்டு, மிச்சமாகும் பணத்தையும் நேரத்தையும் தேர்வுக்குச் செலவிடுவது புத்திசாலித்தனம். மருத்துவம் என்றால், ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் வந்து நிற்கும் நோயாளிகளைப் பார்த்துக் கற்பதற்கு எந்தப் பட்டியலும் ஈடாகாது. வெளிநாடு என்றால் கதை வேறு. பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த உயர் திறனாளர் விசாவுக்கு, மூன்று உலகப் பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் 50-க்குள் வந்த பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்றார்கள். முதலில் வெளியான அந்தத் தகுதிப் பட்டியலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை.

கடைசியாக, கல்விக் கடன். ரேங்கை அறவே ஒதுக்குபவர்கள் ஏமாறும் இடம் இது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் வழி உண்டு. ஆனால் எல்லாக் கல்லூரிகளுக்கும் இல்லை. என்.ஐ.ஆர்.எஃப்.பில் முதல் 100-க்குள் வந்தவை, 101 முதல் 200 வரை வந்த மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத்தான். ஆகவே 100-க்கும் 101-க்கும் இடையே வகுப்பறையில் எந்த வித்தியாசமும் தெரியாவிட்டாலும் ஒரு தனியார் கல்லூரியில் சேரும் பிள்ளையின் வங்கிக் கணக்கில் அது தெரியும். பட்டியல் ஆண்டுதோறும் மாறுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் நடப்பு ஆண்டுப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று திட்டத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, வங்கி மேலாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.