‘நாலு பாஷை, குழம்பிட்டான்’ என்று சொல்லி வருஷத்தைத் தள்ளாதீர்கள்

மும்பையில் நம் பிள்ளைகள் வளர்வதே நாலு பாஷைக்கு நடுவில்தான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், கூடவே மராத்தி. அதனால் மூன்றாம் வகுப்பு வந்த பிறகும் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினால், “நாலு பாஷை, குழம்பிட்டான், போகப் போகச் சரியாயிடும்” என்று சொல்லிவிடுகிறோம். என் அக்கா மகனுக்கும் இதையே சொல்லி இரண்டு வருஷம் போக்கினோம். தாராவி 90 அடி சாலையில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து சயான் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். அங்கே கற்றல் குறைபாட்டுக்கென்றே தனிப் பிரிவு இருப்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பல மொழி கேட்டு வளர்வதால் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, வருவதில்லை. மொழி பழகாததுதான் சிக்கல் என்றால், அந்த ஒரு மொழியில்தான் பிள்ளை தடுமாறும், பழகப் பழகத் தேறிவிடும். கற்றல் குறைபாடு அப்படியில்லை, சொல்லிக்கொடுத்த எழுத்து எதுவானாலும் அதில் தலைகாட்டும். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான பொருத்தம் இல்லாததால் அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். தமிழில் கொஞ்சம் ஒளிந்திருக்கும்: படிப்பது ரொம்ப மெதுவாக இருக்கும், குறில் நெடில் மாறும், புள்ளி வைத்த எழுத்து விழுந்துபோகும், கொம்பு இடம் மாறி உட்காரும். எங்கள் பையனிடம், அவன் பார்த்த கதையை வாயால் சொல்லச் சொன்னால் ஒரு மணி நேரம் சொல்வான், அதையே எழுதச் சொன்னால் ஒன்றரை வரியில் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். அந்த இடைவெளியைப் பார்த்தபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் இன்னொரு தவறும் செய்தோம். பள்ளியில், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார்கள். அக்கா தனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையை வைத்து அவனிடம் பேச ஆரம்பித்தாள், பையன் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பேச்சும் கதையும் கேள்வியும் நிறைந்த வீட்டு மொழிதான் அவனுக்கு இருக்கிற பலம், அதைப் பிடுங்கினால் எழுத்து வந்துவிடாது.

அப்புறம் கண் டாக்டர். கண்ணையும் காதையும் பரிசோதிப்பது கட்டாயம், அதில் தப்பே இல்லை. ஆனால் கண்ணாடி போட்டதும் எல்லாம் தீர்ந்தது என்று நின்றுவிடக் கூடாது. டிஸ்லெக்சியா என்றால் எழுத்து தலைகீழாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன வயதில் ஆங்கில ‘b’யையும் ‘d’யையும் மாற்றி எழுதாத பிள்ளையே குறைவு, ஏழு வயதுவாக்கில் பெரும்பாலும் அது போய்விடும். சிக்கல் கண்ணில் இல்லை. ஒரு சொல்லில் உள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுத்தோடு பொருத்தும் வேலையை மூளை செய்யும் விதத்தில் இருக்கிறது. நிறக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் பணம் கொட்டினால் படிப்பு வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வல்லாரையும் டானிக்கும் அப்படித்தான். கணக்கில் மட்டும் வரும் டிஸ்கால்குலியாவும் எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியாவும் தனியாகவும் வரலாம், சேர்ந்தும் வரலாம். கவனக்குறைவும் துறுதுறுப்பும் கூடவே இருப்பது சகஜம், அதையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

காரணம் கேட்டால் பெரும்பங்கு பரம்பரை. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். அம்மா வேலைக்குப் போனதோ மொபைல் பார்த்ததோ இதற்குக் காரணமில்லை, அக்காவைப் போட்டு வாட்டியவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். “குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி?” என்று டாக்டர் கேட்டபோது அத்தான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கடைப் பில்லை இன்றைக்கும் வேலைக்காரப் பையனை விட்டுத்தான் எழுத வைப்பதாகச் சொன்னார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அக்காவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

பரிசோதனை ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை. குழந்தை மருத்துவர் பார்ப்பார், உளவியலாளர் ஐக்யூ சோதனை செய்வார், ஸ்பெஷல் எஜுகேட்டர் என்கிற சிறப்புப் பயிற்சி ஆசிரியர் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் தனியாக அளப்பார். ஐக்யூ என்றதும் பையனை மக்கு என்று முத்திரை குத்தப்போகிறார்கள் என்று பயந்து பாதியில் எழுந்து வந்துவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் இந்தப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைவில்லை என்று எழுத்தில் காட்டுவதே அந்தச் சோதனைதான். வீட்டில் எந்த மொழி, பள்ளியில் எந்த மொழி, எந்த வயதில் எது தொடங்கியது என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள், மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு அது ரொம்ப முக்கியம்.

கற்றல் குறைபாடு இருக்கிறது என்ற சான்றிதழ் எட்டு வயதுக்கு முன்னால் கிடைக்காது, அதற்காக உதவியையும் எட்டு வயதுவரை தள்ளிப்போடக் கூடாது. மறுபக்கம், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஓடிவருகிறார்கள், அது இன்னும் மோசம். மகாராஷ்டிரத்தில் 1996 முதலே தேர்வுச் சலுகைகள் உண்டு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கற்றல் குறைபாடு சேர்ந்திருக்கிறது. சிபிஎஸ்இயில் தேர்வு நேரத்தில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், சொல்வதை எழுதித் தர ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சான்றிதழ் கையில் வந்ததும், வாசிக்க எழுதப் பழக்கும் ரெமிடியல் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். கூடுதல் நேரம் தேர்வைத்தான் தாண்டவைக்கும், வாசிக்கக் கற்றுத்தராது.

ரெமிடியல் என்றால் இன்னொரு டியூஷன் என்று நினைப்பதும் தவறு. டியூஷனில் அதே பாடத்தை இன்னும் சத்தமாக நடத்துவார்கள். ரெமிடியலில் ஒலியிலிருந்து தொடங்கி, ஒலியைப் பிரிக்க, சேர்க்க, எழுத்தோடு இணைக்க, படிப்படியாகப் பழக்குவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். இதற்கு மாத்திரை கிடையாது. எங்கள் பையன் ஆறு மாதம் கழித்துத்தான் ஒரு பத்தியை நிற்காமல் படித்தான், அதுவும் மெதுவாக.

முதல் தடவை போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகள், ரேங்க் கார்டு, பள்ளி டயரியில் டீச்சர் எழுதியவை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அடித்துத் திருத்திய பக்கங்கள், பாதியில் விட்ட வரிகள் எல்லாம் பார்க்கிறவர்களுக்கு வேண்டும். அக்கா வெட்கப்பட்டு இரண்டாம் வகுப்பு நோட்டு முழுவதையும் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தாள்.