பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பது எப்படி?

மியான்மரின் யாங்கோன் நகரில் பள்ளி, டியூஷன் எல்லாம் முடித்து வரும் பிள்ளையை வாசலிலேயே கேள்வி கேட்காதீர்கள், முதலில் சாப்பிடட்டும். பிறகு வெங்காயம் உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். “ஸ்கூல் எப்படி?” என்றால் “நல்லாயிருந்துச்சு”தான் வரும். “மத்தியானம் யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். யோசிக்க நேரம் வேண்டும்.

பதில் அந்த ஊர் மொழியான பர்மியத்தில் வந்தால் “தமிழ்ல சொல்லு” என்று மறிக்காதீர்கள், அதோடு பேச்சு நின்றுவிடும். “அப்படியா, டீச்சர் திட்டிட்டாங்களா?” என்று அதையே தமிழில் திருப்பிக் கேளுங்கள், தமிழும் காதில் விழும், கதையும் தொடரும். மதிப்பெண் பேச்சை இதில் கலக்கவே வேண்டாம். போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.