கலாசாலையில இருக்கும்போதே டிகிரிக்கும் பதியலாமா? முடிவெடுக்கிறது எப்படி

இலங்கை மலையகத்துல தோட்டப் பாடசாலையில நியமனம் கெடச்சு, ஆசிரியர் பயிற்சிக்காக ஆசிரியர் கலாசாலைக்குப் போன மொத வாரத்துலயே பக்கத்து கட்டில்ல இருக்கிறவங்க கேப்பாங்க, "டீச்சர், எக்ஸ்டேர்னலுக்கு போட்டுட்டீங்களா?" அப்டின்னு, அதாவது வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிஞ்சாச்சான்னு. ஒடனே பதில் சொல்லிடாதீங்க தங்கச்சி, தம்பி. நான் அந்த வாரமே ஃபோம் நிரப்பி காசு கட்டினவ, பட்டதைத்தான் எழுதுறேன்.

மொதல்ல எது கட்டாயம், எது நம்ம விருப்பம்னு பிரிச்சுக்கங்க. ரெண்டு வருஷப் பயிற்சியும் கடைசியில பரீட்சைத் திணைக்களம் நடத்துற இறுதிப் பரீட்சையும்தான் நம்மள பயிற்றப்பட்ட ஆசிரியரா ஆக்குது. சம்பளமோ கொடுப்பனவோ வாங்கிக்கிட்டு படிக்க விட்டிருக்கிறது இதுக்காகத்தான். மாசக் கொடுப்பனவுக்கு ஆசிரியர் உதவியாளரா வந்தவங்களுக்கு சேவையில நிரந்தரமா உள்வாங்கப்படுறதே இத பாஸ் பண்றதுலதான் இருக்கு, அதனால இதுக்கு எடைஞ்சலா வர்ற எதுவும், அது எவ்வளவு நல்ல படிப்பா இருந்தாலும், ரெண்டாவதுதான்.

அடுத்தது, இப்ப பண்ணாட்டி பின்னாடி பண்ண முடியாதான்னு பாருங்க. நம்மள்ல நெறைய பேர் இங்கதான் தப்பு பண்றோம். மஹரகமயில இருக்கிற தேசிய கல்வி நிறுவகம் நடத்துற பிஎட், அதான் கல்விமாணிப் பட்டம், சேவையில இருக்கிற பயிற்றப்பட்ட ஆசிரியர்கள நெனச்சு வச்ச படிப்பு, அதாவது கலாசாலை சான்றிதழ் கையில வந்தப்புறம் தொறக்கிற கதவு அது. திறந்த பல்கலைக்கழகத்துலயும் ஆரம்பக் கல்வி, விசேட தேவைக் கல்வின்னு பிஎட் இருக்கு. வெளிவாரியா பிஏ எடுத்தா அதுக்கு மேல பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும், அதான் பிஜிடிஇ, பண்ணாத்தான் பட்டதாரி ஆசிரியரா தொழில் தகுதி முழுசாகும், பிஎட்ல பாடமும் கற்பித்தலும் சேர்ந்தே வந்துடும். ஆரம்பப் பிரிவுல படிப்பிக்கிற ஒருத்தர் ரெண்டு வருஷம் பொறுத்து நேரா பிஎட்டுக்கு போறதுதான் என்னையக் கேட்டா சரியான வழி.

காசு கணக்க கற்பனையில போடாதீங்க, கொப்பி எடுத்து எழுதுங்க. உதவியாளர்களுக்கு மாசம் 6,000 ரூபாதான் குடுத்தாங்க, அப்புறம் அது 10,000 ஆச்சு. அந்தக் காசுல வீட்டுக்கும் அனுப்பி, பதிவுக் காசு, பரீட்சைக் காசு, போட்டோகொப்பி, பஸ் காசுன்னு பார்த்தா அம்மாவோட தோடு அடகுக் கடைக்கு போற நெலம வந்துடும். கொழுந்து எடுத்து சேர்த்த நகை அது. வகுப்புக்காசு மட்டும்தான் செலவுன்னு நெனைக்காதீங்க, பொகவந்தலாவையிலயோ மஸ்கெலியாவிலயோ இருந்து கண்டிக்கு சனி ஞாயிறு வகுப்புக்கு போறவங்க விடியிறதுக்கு முந்தியே எறங்கி ஹட்டன் வந்து அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ புடிக்கணும், ஜூன் ஜூலை மழையில மண் சரிஞ்சா அன்னைக்கு வகுப்பும் இல்ல காசும் இல்ல.

நேரம் எப்படி மோதுதுன்னு என் கதையச் சொல்றேன். நான் பதிஞ்ச எடத்துல பரீட்சைத் திகதிய ரெண்டு தடவ தள்ளி வச்சாங்க, தள்ளி வச்சது சரியா எனக்கு கற்பித்தல் பயிற்சி நடந்துக்கிட்டிருந்த வாரத்துல வந்து விழுந்துச்சு. ராத்திரி பாடக்குறிப்பு எழுதணும், கற்பித்தல் சாதனம் வெட்டி ஒட்டணும், காலையில விரிவுரையாளர் பின் வாங்குல வந்து ஒக்காருவார். அந்த வாரம் ரெண்டுமே சரியா வரல, எழுதப் போன பேப்பர்ல ஒண்ணு பெயில். கலாசாலை பரீட்சைத் திகதிய நாம கேட்டு மாத்த முடியாது, வெளிவாரிக்காரங்களும் நம்மளப் பார்த்து திகதி போடமாட்டாங்க. அதனால ரெண்டாம் வருஷத்துல புதுசா எதையும் தொடங்காதீங்க, இத நான் கெஞ்சிக் கேக்குறேன்.

அப்போ யாரு இப்பவே தொடங்கலாம்? ஏற்கனவே பாதி பேப்பர் முடிச்சவங்க விட்டுடாதீங்க, முடிங்க. கல்வி நிருவாக சேவை திறந்த பரீட்சைக்கு போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு டிகிரியும் வேணும், வயசெல்லையும் இருக்கு, அவங்களுக்கு ரெண்டு வருஷம் பெரிய விஷயம். அப்புறம் கணிதம், விஞ்ஞானம் எடுத்தவங்க, நம்ம மலையகத்துல ஏஎல் (உயர்தர) விஞ்ஞானப் பிரிவு வச்சு நடத்த ஆளில்லாத பாடசாலை எத்தனன்னு ஒங்களுக்கே தெரியும், அந்தப் பிள்ளைகளுக்காகவாவது நீங்க பட்டம் வரைக்கும் போங்கன்னுதான் சொல்லுவேன், மொத வருஷத்துலயே பதிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா பாடத்த எடுங்க.

பதியிறதுக்கு முந்தி ரெண்டு விஷயம் பார்த்துடுங்க. அந்தப் பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏத்துக்கிட்டதான்னு, ஏன்னா டவுன்ல போர்ட் போட்டு கூப்பிடுறதெல்லாம் நம்ம ஃபைலுக்குள்ள போகாது. இன்னொண்ணு, ஒங்க நியமனக் கடிதத்துல என்ன பாடம் போட்டிருக்கு, பட்டத்துல அந்தப் பாடம் வருதான்னு. நியமனக் கடிதத்தையும் ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பையும் (சேவை விதிகள் எழுதியிருக்கிற ஆவணம்) எடுத்துக்கிட்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போயி, ஒங்க ஃபைல் பார்க்கிற சேர்கிட்ட "இந்தப் பட்டம் முடிச்சா நான் எந்த தரத்துக்கு வருவேன்"னு நேரா கேளுங்க, முடிஞ்சா கடிதமா குடுத்து பதிலையும் எழுத்துல வாங்குங்க. அது கையில வந்தப்புறம் பதிவுக் காசு கட்டுங்க.