கிங் கிரிம்சனைத் தாளம் போட்டுக் கேட்பது எப்படி

சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு, கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு முதலில் பிடிபடவே இல்லை. ராக் இசையை நீண்ட, சிக்கலான வடிவங்களுக்குக் கொண்டுபோன புரோக்ரசிவ் ராக் என்ற வகையைத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர்கள் என்று சொல்லப்படும் அந்தக் குழு, 1969 முதல் 2021 வரை பல முறை கலைந்தும் கூடியும் இயங்கியது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒரு பாட்டை அங்கும் ஒரு பாட்டை இங்குமாகக் கேட்டுவிட்டு விலகிவிடுபவர்களே அதிகம். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகிய எவருக்கும் இந்தக் குழுவுக்குள் நுழைய நேரான வழி ஒன்று இருக்கிறது என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே கண்டுகொண்டேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆயத்தம். ஒரு ஆல்பம் ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும். அதை இடையில் நிறுத்தாமல் கேட்க ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓய்ந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு அது வாய்க்கிறது. இரண்டு காதுக்கும் தனித்தனியாக ஒலி வரும் ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். செல்பேசியின் ஒலிபெருக்கி போதாது. காரணம் பின்னால் விளங்கும். ஏற்காட்டுக்குப் போகும் வழியில் கேட்க நினைப்பவர்கள், மலையேறும்போது சிக்னலை நம்பாமல் பாடல்களை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. இவர்களுடைய ஆல்பங்கள் 2019இல்தான் ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு வந்தன. அதற்கு முன்பு குறுந்தகடு வாங்கியோ நண்பர்களிடம் இரவல் பெற்றோதான் கேட்க முடிந்தது.

எல்லா ஆல்பங்களையும் வெளிவந்த வரிசையில் கேட்கத் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. 1969, 1974, 1981 ஆகிய மூன்று ஆண்டுகளின் மூன்று ஆல்பங்களை முதலில் கேளுங்கள். அந்த மூன்றிலும் இசைப்பவர்களின் கூட்டணி வெவ்வேறு. கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒருவர் மட்டுமே முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை குழுவில் இருந்தவர். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டையும் உறுப்பினர் பெயர்களையும் எழுதிக்கொண்டே கேட்டால் குழப்பம் பாதியாகக் குறையும்.

1969 அக்டோபரில் வந்த ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ முதல் ஆல்பம். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூலை 5 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய மாபெரும் இலவச நிகழ்ச்சியில் இவர்கள் வாசித்தார்கள். அப்போது குழு பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இந்த ஆல்பத்தில் கவனிக்க வேண்டிய கருவி மெல்லோட்ரான். விசைப்பலகை போலத் தோன்றும் இக்கருவியின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில், வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ வாசித்துப் பதிவு செய்த ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும். தலைப்புப் பாடலில் பின்னால் எழும் பெருங்கூட்ட வயலின்களின் ஓசை அந்த நாடாக்களிலிருந்து வருவதுதான் என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால், அதன் நடுக்கமும் லேசான சுருதிப் பிசகும் குறையாகப் படாமல், அதற்கே உரிய துயரமாக ஒலிக்கும். அட்டையில் வாய் பிளந்து அலறும் முகத்தை வரைந்த பேரி காட்பர், கணினி நிரல் எழுதும் வேலையில் இருந்தவர். ஆல்பம் வந்த சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

அந்த ஆண்டு முடிவதற்குள் பல கருவிகள் வாசித்த இயன் மெக்டொனால்டும் டிரம்ஸ் கலைஞர் மைக்கேல் ஜைல்ஸும் விலகினார்கள். பாடகர் கிரெக் லேக்கும் பிறகு எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவுக்குப் போய்விட்டார். அடுத்த மூன்று ஆல்பங்களைப் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது 1974இன் ‘ரெட்’. இந்த ஆல்பத்துக்காகத்தான் தாளம் போடச் சொல்கிறேன். இதன் கடைசிப் பாடல் ‘ஸ்டார்லெஸ்’ 12 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஜான் வெட்டன் பாடும் முதற்பகுதி மெதுவான, நெஞ்சை அழுத்தும் பாட்டு. அதற்குக் கை தேவையில்லை. பாட்டு முடிந்து, தாழ்ந்த ஸ்வரங்களில் ஒலிக்கும் பேஸ் கிட்டார் தனியே ஒரு சுற்றை வாசிக்கத் தொடங்கும் இடத்தில் கையை எடுங்கள். அந்தச் சுற்று 13 எண்ணிக்கை கொண்டது. நான் அதைத் தகதிமி, தகதிமி, தகதகிட என்று நாலு, நாலு, ஐந்தாகப் பிரித்து எண்ணுகிறேன்; நீங்கள் உங்கள் கைக்கு வாகான விதத்தில் பிரித்துக்கொள்ளலாம். அந்தச் சுற்றுக்கு மேல் ஃபிரிப் ஒரே ஒரு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டி, வெகு நேரம் கழித்து அடுத்த ஸ்வரத்துக்குச் சற்றே ஏறுவார். முதல் முறை கேட்கையில் ஏன் இப்படி ஒன்றையே தட்டுகிறார் என்று பொறுமை போய்விட்டது எனக்கு; கை தாளத்தை விடாமல் பிடித்திருந்த நாளில்தான் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உள்ளே ஏதோ இறுகுவதை உணர்ந்தேன். பில் புரூஃபர்டு டிரம்ஸில் அங்கங்கே தொட்டுவிட்டு விலகுவார்; அவரைப் பின்தொடர்ந்தால் எண்ணிக்கை தவறும், ஆகவே பேஸ் கிட்டாரையே பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு திடீரென்று சாக்ஸஃபோன் பாயும் இடத்தில், அதே 13 இரு மடங்கு வேகத்தில் ஓடத் தொடங்கும். நம் மொழியில் சொன்னால் முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகிறார்கள். அதைக் கை கண்டுபிடிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியை நான் யாருக்கும் முன்கூட்டியே விவரிக்க விரும்பவில்லை.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில், பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்து இந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கிறேன். அடிவாரம் தாண்டியதும் தொடங்கினால், ‘ஸ்டார்லெஸ்’ வருவதற்குள் காற்று குளிர்ந்து காப்பித் தோட்டங்கள் வந்துவிடும். வளைவில் உடல் சாயும்போது தாளம் தப்பும் என்பதால், முதல் முறையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

‘ரெட்’ கடைக்கு வருவதற்குள் ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார். அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்த ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ ஆல்பத்தில், மேடையிலேயே மனோதர்மமாக வாசித்த பகுதிகள் நிறைய உண்டு. கைதட்டலை நீக்கிவிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ‘டிரியோ’ என்ற இசையை மட்டுமாவது கேளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் 1973 நவம்பரில் வாசித்தது. புரூஃபர்டு அதில் ஒரு அடிகூட அடிக்கவில்லை. குச்சிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அதை உருவாக்கியவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது, ஏனென்றால் வாசிக்காமல் இருப்பது என்பது அவர் எடுத்த முடிவு. தனி ஆவர்த்தனத்துக்கு வாய்ப்பிருந்தும் பாட்டுக்காகக் கையைக் கட்டிக்கொள்ளும் மிருதங்கக்காரரைப் பார்த்து வியந்தவர்களுக்கு இந்தப் பெருமை புரியும்.

ஒரு எச்சரிக்கை: 1973இன் ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ ஆல்பத்தைக் கேட்கும்போது, தொடக்கம் மிக மெல்லிதாக இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். சில நிமிடங்களில் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே மூச்சில் வெடிக்கும், காது நோகும். ஆல்பத்தின் பெயரையே கொண்ட இசையின் இரண்டாம் பாகத்தில் வரும் பத்து எண்ணிக்கையைத் தகிட, தகிட, தக, திமி என்று எண்ணலாம்.

ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1981இல் வந்த ‘டிசிப்ளின்’ முற்றிலும் வேறு குழு போல ஒலிக்கும். புரூஃபர்டு இருக்கிறார், கிட்டார் வாசிக்கும் ஏட்ரியன் பெலூவும் பேஸ் வாசிக்கும் டோனி லெவினும் புதியவர்கள், இருவரும் அமெரிக்கர்கள். ஹெட்ஃபோன் எதற்கு என்பது இங்கே தெரியும். ‘ஃபிரேம் பை ஃபிரேம்’ பாடலில் இரண்டு கிட்டார்களும் ஏழு எண்ணிக்கையில் ஒன்றாகத் தொடங்குகின்றன. மிஸ்ர சாபு போட்டுத் தொடருங்கள். பிறகு ஒரு கிட்டார் ஏழிலேயே நிற்க, மற்றது 13க்கு மாறுகிறது. இரண்டு ஏழு சேர்ந்தால் 14. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவது கிட்டார் ஒரு எண்ணிக்கை முந்துகிறது, இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. முதலில் ஒரு காதை மட்டும் வைத்து ஒரு கிட்டாரையும், பிறகு மறு காதை மட்டும் வைத்து மற்றதையும் கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு விசைத்தறிகள் ஓடும்போது, சிறிது நேரம் ஒரே அடியாக விழுந்து, மெல்ல விலகி, ஒன்றின் இடைவெளிக்குள் மற்றது புகுந்து, மறுபடியும் ஒன்றாகும் ஓசை அம்மாபேட்டையில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்தச் சிறு வயது ஓசையை இந்த ஆல்பத்தில்தான் நான் இசையாக முதன்முதலில் கேட்டேன். இவர்களை விடாமல் கேட்பதற்கு அதுவே காரணம்.

1984இல் மறுபடி கலைந்து, 1994இல் இரண்டு மூவர் குழுக்கள் சேர்ந்தது போல ஆறு பேர் கூடி, 2003இல் கடைசி ஸ்டுடியோ ஆல்பத்தைத் தந்தார்கள். இந்தக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம் என்பது என் கருத்து. 1995இன் ‘திராக்’ மட்டும் விதிவிலக்கு.

இவர்களிடமிருந்து பிறருக்குப் போனது என்ன என்று அறிய விரும்பினால், ஆட்களைப் பின்தொடர்வதே சுலபம். டேவிட் போவியின் 1977ஆம் ஆண்டு ‘ஹீரோஸ்’ பாடலில் நீண்டு ஒலிக்கும் கிட்டார் ஃபிரிப் வாசித்தது. மெக்டொனால்டு ஃபாரினர் குழுவையும், வெட்டன் ஏசியா குழுவையும் தொடங்கியவர்களில் ஒருவர். அமெரிக்க ராக் குழுவான டூல் 2001இல் இவர்களோடு சேர்ந்து மேடையேறியது. ராப் கலைஞர் கான்யே வெஸ்டின் 2010ஆம் ஆண்டு ‘பவர்’ பாடலில் முதல் ஆல்பத்தின் முதல் பாடலான ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்டு மேன்’ ஒலிக்கிறது.

கடைசியாக, 2014க்குப் பிந்தைய மேடைப் பதிவுகளில் ஒன்றைக் கேளுங்கள். மேடையின் முன்வரிசையில் மூன்று டிரம்ஸ் கலைஞர்கள். 1970களில் வாசித்த மெல் காலின்ஸ் மீண்டும் சாக்ஸஃபோனோடு வந்திருந்தார். நிகழ்ச்சியில் செல்பேசியைத் தொடக் கூடாது என்று விதித்திருந்தார்கள். இறுதியில் டோனி லெவின் தன் கேமராவை எடுத்தபோதுதான் ரசிகர்களும் படம் எடுக்க முடிந்தது. 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் வாசித்ததோடு குழு ஓய்ந்தது. அந்தப் பதிவுகளில் முதல் ஆல்பத்தின் முதல் பாடல் மறுபடி வரும். 1969இன் பதிவை ஒரு முறையும் இதை ஒரு முறையும் அடுத்தடுத்துக் கேட்டு, நடுவில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து அடித்துச் சட்டென்று நிற்கும் மௌனங்களில் உங்கள் கையை மட்டும் நிறுத்தாமல் வையுங்கள். அடுத்த அடி எங்கே விழும் என்று கைக்கு முன்பே தெரிந்திருக்கும்.