புவிகாந்தப் புயலின்போது அயனி மண்டலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியின் காந்தப்புலம் கலங்கும் புவிகாந்தப் புயலின் வலிமையை 0 முதல் 9 வரை காட்டும் கேபி (Kp) குறியீடு 8 அல்லது 9-ஐத் தொட்டுவிட்டால், அயனி மண்டலம் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டலப் பகுதி) எங்கும் ஒரே அளவுக்குக் கலங்கியிருக்கும் என்று முடிவுகட்டுவது பரவலாகக் காணப்படும் தவறு. நிலத்திலுள்ள காந்த அளவீட்டு நிலையங்களின் பதிவுகளிலிருந்து 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கணிக்கப்படும் உலகளாவிய எண் அது. ஓர் இடத்துக்கு மேலே எலெக்ட்ரான் அடர்த்தி கூடியதா, குறைந்ததா என்பதை அது சொல்லாது.

இதைவிடப் பெரிய தவறு, உள்ளூர் நேரத்தைக் கவனிக்காமல் விடுவது. சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தின்) காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியதும், சில நிமிடங்களுக்குள் காந்த நடுக்கோடு வரை ஊடுருவும் மின்புலம் பகல் பக்கத்தில் கிழக்கு நோக்கி அமைந்து பிளாஸ்மாவை (அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த வாயுவை) மேலே தூக்குகிறது. அந்தி நேரத்தில், வழக்கமாகவே நிகழும் மேலெழுச்சியோடு இதுவும் சேர்ந்துகொள்வதால் பிளாஸ்மா குமிழ்கள் (எலெக்ட்ரான் அடர்த்தி மிகக் குறைந்த பகுதிகள்) வலுவாக எழ ஏதுவாகிறது. அதே வேளையில் நள்ளிரவுப் பக்கத்தில் மின்புலம் மேற்கு நோக்கி இருப்பதால் பிளாஸ்மா கீழே தள்ளப்படுகிறது. சில மணி நேரம் கழித்து, துருவப் பகுதிகள் சூடேறியதால் கிளம்பிய காற்றுகள் உருவாக்கும் மின்புலம் இந்த நிலையைத் தலைகீழாக்கி, அந்திக் குமிழ்களை அடக்கி, நள்ளிரவுக்குப் பிறகு அவை தோன்ற வழிவிடலாம். ஆகவே ‘புயல் வந்தால் குமிழும் வரும்’ என்பது பாதி உண்மைதான்.

புயல் எப்போதும் அடர்த்தியைக் கூட்டும் என்ற எண்ணமும் சரியல்ல. இடைநிலை அட்சரேகைகளில் மூலக்கூறு நைட்ரஜன் மிகுந்த காற்று மேலேறி வரும்போது எலெக்ட்ரான்கள் விரைவாக அழிந்து, முந்தைய நாள் எளிதில் கிடைத்த சிற்றலை வானொலித் தொடர்பு கிடைக்காமல் போகக்கூடும். சூரியச் சுடரின் (சூரியனில் திடீரென நிகழும் கதிர்வீச்சு வெடிப்பின்) எக்ஸ் கதிர்கள் சுமார் 8 நிமிடங்களில் வந்து பகல் பக்கத்தில் மட்டும் ஏற்படுத்தும் வானொலித் தடையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜிபிஎஸ் தரவில் கிடைக்கும் மொத்த எலெக்ட்ரான் அளவு, செயற்கைக்கோளிலிருந்து தரையிலுள்ள ஏற்பி (சமிக்ஞையைப் பெறும் கருவி) வரையிலான பாதை நெடுகிலும் உள்ள எலெக்ட்ரான்களின் கூட்டுத்தொகையே. அதைக் குறிப்பிட்ட ஓர் உயரத்தின் அடர்த்தியாகப் படிக்கக் கூடாது. ஒப்பீட்டுக்கு முந்தைய ஒரு நாளை மட்டும் எடுப்பதும் நம்பத்தக்கதல்ல. புயலில்லாத பல நாட்களின் இடைநிலை மதிப்பே (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பே) பொருத்தமானது. விடியலுக்கு முன் அந்த அளவு சுழியத்துக்கும் கீழே போனால், அங்கே தெரிவது புயலின் விளைவு அல்ல, ஏற்பியின் சார்புப் பிழை (கருவியே அளவீட்டில் சேர்க்கும் பிழை) சரியாக நீக்கப்படவில்லை என்பதுதான். சமிக்ஞை துள்ளும் (அளவு திடீரெனத் தாவும்) பகுதிகளைத் தானாகவே வெட்டியெறியும் மென்பொருளை அப்படியே நம்பினால், ஆராய வந்த அயனி மண்டலக் கலக்கமே தரவிலிருந்து காணாமல் போய்விடலாம். வெட்டுவதற்கு முன், அருகே தெரியும் மற்ற செயற்கைக்கோள்களின் பதிவிலும் அந்தத் துள்ளல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.