குடியை விட்ட பிறகு: உறுதியைக் கரைக்கும் தவறுகள்

குடியை விட்டவரைச் சுற்றி முதல் இரண்டு வாரம் வீடே இருக்கும். பிடித்த குழம்பு கிடைக்கும், அக்கா தினமும் போனில் விசாரிப்பார். மூன்றாவது மாதம் யாரும் கேட்பதில்லை. மறுபடி குடிப்பவர்களில் பலர் அந்த முதல் மூன்று மாதங்களுக்குள்தான் சறுக்குகிறார்கள். அதனால், முதல் வாரத்து வேகம் கடைசிவரை வரும் என்று நம்புவதே பெரிய தவறு.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களைப் பாருங்கள். தினமும் குவார்ட்டர் அடித்தவர்கூட 41 நாள் ஒரு சொட்டும் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்று மாலையே டாஸ்மாக் வாசலில் நிற்பார். பக்தி போய்விட்டது என்று ஊர் சொல்லும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த 41 நாளும் விடியற்காலைக் குளியல், சாயங்கால பூஜை, குருசாமி, கூடவே விரதம் இருக்கும் நாலு பேர், ‘சாமி’ என்று மரியாதையாகக் கூப்பிடும் தெரு என்று அவருடைய நாளே மாறியிருந்தது. மாலையோடு அத்தனையும் கழன்றுவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவரிடம் மன உறுதியை மட்டும் கேட்பது நியாயமில்லை.

அந்த ஆறு மணிக்கு ஒரு இடமும் ஆட்களும் வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் அதற்குத்தான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவருக்கொருவர் பேசியே குடிக்காமல் இருந்ததில் தொடங்கியது இது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. ‘இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்’ என்று அங்கே சத்தியம் வாங்குவதில்லை, இன்றைக்குக் குடிக்காமல் இருந்தால் போதும் என்பார்கள். கோயில் கைங்கரியமோ, பிள்ளையோடு விளையாட்டோ, எதுவானாலும் சரி, அந்த நேரம் காலியாக இருக்கக் கூடாது.

விட்டதுமே நிம்மதி வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில்தான் முடியும். தூக்கம் சீராகப் பல வாரம், சிலருக்குச் சில மாதம்கூட ஆகும். எரிச்சல் வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. ‘குடிக்காமலும் சுகம் இல்லையே’ என்ற எண்ணம் வருவது இங்கேதான். மூளையும் உடம்பும் பழைய நிலைக்குத் திரும்பும் காலம் அது. மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதற்கும் அடிமையாக நேரும். பசியோடும் களைப்போடும் இருக்கும்போது குடி ஆசை கூடும், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

‘சும்மா கம்பெனிக்கு உட்கார்கிறேன்’, ‘பீர்தானே’ என்ற இரண்டு பேச்சும் வேண்டாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, 60 மில்லி அளவில் இரண்டு லார்ஜ் பிராந்திக்குச் சமம்.

வீட்டாருக்கும் ஒன்று. அவருக்குத் தெரியாமல் காபியிலோ சாம்பாரிலோ, குடியை நிறுத்துவதற்கான டைசல்பிராம் மாத்திரையைக் கலக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் வாந்தி, நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. தினமும் வாயை முகர்ந்து பார்ப்பதையும் விடுங்கள். விட்டவரும், பல வருடம் உடைந்த நம்பிக்கை ஒரு மாதத்தில் ஒட்டவில்லையே என்று கோபப்படக் கூடாது.

இத்தனைக்கும் மீறி ஒரு நாள் சறுக்கினால்? ‘எல்லாம் போச்சு’ என்று மறுநாளும் குடிப்பதுதான் அதைவிடப் பெரிய தவறு. வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பல மாதம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதும் நினைவிருக்கட்டும். சறுக்கல் வாரக்கணக்கில் நீண்டு, தினமும் நிறையக் குடிக்கும் நிலை வந்துவிட்டால், தானாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.