பழைய எஸ்டேட் காரில் தண்ணீர் ஒழுகுகிறதா? சீலன்ட் ட்யூபைத் திறக்கும் முன்

என்னுடைய பழைய எஸ்டேட் காரில் (கூரை டிக்கிக்கு மேலும் நீண்டு, பின்னால் ஒரு கதவு உள்ள ஸ்டேஷன் வேகன்) டிக்கியின் இடது மூலை இரண்டு மழைக்காலம் ஈரமாகவே கிடந்தது. முதலில் டெயில் லைட்டைச் சுற்றி சிலிக்கான் பூசினேன். நிற்கவில்லை. பக்கக் கண்ணாடி ஓரத்திலும் பூசினேன். பின்கதவுக்குப் புது ரப்பர் பீடிங் வாங்கி மாட்டினேன். ஊஹூம். பிறகு, மழையே இல்லாத ஒரு வாரத்தில் அந்த மூலையைத் தொட்டால் கை நனைந்தது. முகர்ந்து பார்த்தேன். கண்ணாடி கழுவும் சோப்பு வாசனை! பின்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் மெல்லிய குழாய், கூரைத் துணிக்கு மேலே ஓர் இணைப்பில் கழன்று கிடந்தது. ஸ்விட்சை அழுத்திய ஒவ்வொரு தடவையும் நானே காருக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் பூசிவிட்டு அப்புறம் தேடுவதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்கிற பெரிய தவறு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஈரம் தெரியும் இடமே ஓட்டை என்று நம்புவது

எஸ்டேட் காரின் கூரை நீளம். அதன் பரப்பு 2.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் மழைக்கே 25 லிட்டர் தண்ணீர் அதன்மேல் விழுகிறது. அதில் ஒரு டம்ளர் உள்ளே வந்தாலும் கார்பெட் நனைந்துவிடும். வந்த தண்ணீர் நேராகக் கீழே விழுவதும் இல்லை. தகடுகள் சேரும் மடிப்பு, கூரைத் துணியின் மேல்பக்கம், ஒயரிங் கட்டு என்று எதையாவது பிடித்துக்கொண்டு நகர்ந்து, தாழ்வான ஓரிடத்தில் சொட்டுகிறது. ரூஃப் ரெயிலின் (கூரைமேல் சாமான் கட்டும் கம்பி) போல்ட் துளையில் நுழைந்தது, கூரையைத் தாங்கும் தூண் வழியாக இறங்கி ஸ்டெப்னி குழியில் தேங்கும். முன்பக்கம் புகுந்த தண்ணீர், காரை மேட்டைப் பார்த்து நிறுத்தினால், கார்பெட்டுக்கு அடியில் ஓடிப் பின்சீட்டுக் கால்வைக்கும் இடத்துக்குப் போய்விடும். ஒரே ஓட்டைக்கு, நிறுத்தும் சாய்வைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு இடம் நனைவதும் உண்டு. "நேற்று இந்தப் பக்கம், இன்று அந்தப் பக்கம், ரெண்டு ஒழுகல் போல" என்று குழம்புவது இதனால்தான்.

அதனால் கைவேலைக்கு முன் கொஞ்ச நாள் குறிப்பு எடுங்கள். நின்ற கார் மழையில் நனைந்த பிறகு ஈரமா? ஈரச்சாலையில் ஓட்டிய பிறகு மட்டுமா? ஏசி போட்டு ஓட்டிய பிறகா? ஓட்டினால் மட்டும் ஈரம் என்றால், டயர் வாரியடிக்கிற தண்ணீர் புகும் இடங்களை, அதாவது சக்கர வளைவின் மடிப்புகள், பம்பருக்குப் பின்னால் உள்ள துளைகள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். கூரையை அல்ல.

எல்லாத் தண்ணீரும் மழைத்தண்ணீர் என்று நினைப்பது

விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து பாருங்கள். (நாக்கில் வைக்க வேண்டாம், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் விஷம்.) பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்து, முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படிந்தால், ஹீட்டர் கோர், அதாவது உள்ளே சூடு தர கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர், கசிகிறது. கூலன்ட் அளவு குறைகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். முன்பக்கத் தரை ஈரமாகி, தண்ணீர் சுத்தமாக, வாசனையின்றி இருந்து, ஏசி ஓடும் நாட்களில் மட்டும் வந்தால், ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். புழுக்கமான நாளில் ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லையா, அது உள்ளே எங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். சோப்பு வாசனை வந்தால் என் கதை.

மூடி வைத்த காரில் மேலிருந்து தண்ணீர் அடிப்பது

பிரஷர் வாஷரை எடுத்து கார் முழுக்க அடித்துவிட்டு, "பார், வருது" என்று சொல்வதில் பயனில்லை. அந்த அழுத்தத்தில், நல்ல ரப்பரைத் தாண்டியும் தண்ணீர் புகும். இல்லாத ஓட்டையைக் கண்டுபிடிப்பீர்கள்.

முதலில் உள்ளே பிரிக்க வேண்டியதைப் பிரித்துவிடுங்கள். டிக்கி கார்பெட், ஸ்டெப்னி, பக்கவாட்டு பிளாஸ்டிக் பேனல்கள் எல்லாம் வெளியே வரட்டும். தகடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். துடைத்துக் காயவிட்டு, மடிப்புகளின் மேல் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். தண்ணீர் ஓடினால் அதில் கோடு விழும். கோட்டைப் பிடித்து மேலே போனால் ஓட்டைக்கு அருகில் வந்துவிடலாம். இதைவிட நம்பகமான கருவியை நான் பார்க்கவில்லை.

பிறகு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே படுத்துக்கொள்ள, மற்றவர் நாசில் இல்லாத ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக வழியவிட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் பம்பர் மட்டம், அப்புறம் டெயில் லைட், அப்புறம் கண்ணாடியின் கீழ் ஓரம், கடைசியில் கூரை. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் வழிந்து, எது காரணம் என்றே தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். சில ஒழுகல்கள் உள்ளே ஒரு பள்ளம் நிரம்பிய பிறகுதான் வெளியே தலைகாட்டும். பொறுமையில்லாமல் அரை நிமிடத்தில் "இங்கே இல்லை" என்று தள்ளிவிட்ட இடம்தான் பெரும்பாலும் குற்றவாளி.

இன்னொரு வழி காற்று. எல்லாக் கதவையும் சாத்தி, வெளிக்காற்று இழுக்கும் நிலையில் காரின் ப்ளோயரை (ஏசி விசிறி) முழு வேகத்தில் வைத்து, வெளியே சந்தேகமான ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும்.

பின்பாகத்தில் டெயில் லைட்டோடு நின்றுவிடுவது

டெயில் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபோம் கேஸ்கெட் பழசானால் நசுங்கிக் கெட்டியாகிவிடும், உண்மைதான். ஆனால் எஸ்டேட்டின் பின்பாகத்தில் சந்தேகப்பட வேண்டியது ஏராளம். பின்வைப்பரின் தண்டு, மேல் பிரேக் லைட்டின் கேஸ்கெட், பின்கதவுக் கீல், கூரையிலிருந்து பின்கதவுக்கு ஒயர் போகும் மடிப்பு ரப்பர், பக்கக் கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசை, ரூஃப் ரெயில் போல்ட்கள், கூரையின் இரு ஓரங்களிலும் நீளமாக ஓடும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் மேல் இருக்கும் பட்டையைக் கழற்றினால், அடியில் தொழிற்சாலையில் போட்ட சீலர் தெரியும். வருடக்கணக்கில் வெயில் தின்று அதில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். பட்டை மூடியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

பின்கதவைத் திறந்தவுடன் தலையில் தண்ணீர் கொட்டினால், தண்ணீர் கதவின் கூட்டுக்குள்ளேயே நுழைகிறது. வைப்பர் தண்டு, பிரேக் லைட், கண்ணாடி ஓரம் இவற்றைப் பாருங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிதுளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பின்பம்பருக்குப் பின்னால் உடலில் இரண்டு காற்றுத் துவாரங்கள் இருக்கும், மெல்லிய ரப்பர் மடல்களுடன். கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற, ப்ளோயர் தள்ளும் காற்று வெளியேற, அவை வேண்டும். அவற்றைச் சுற்றியுள்ள ஃபோம் உதிர்ந்தால் டயர் தெறிக்கும் தண்ணீர் உள்ளே வரும். சிலர் எரிச்சலில் அந்தத் துவாரத்தையே டேப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். ஒழுகல் நிற்கும். ஆனால் கண்ணாடியெல்லாம் மூட்டமிடும், கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்தும். மாற்ற வேண்டியது ஃபோமை. காற்றுச் சோதனை செய்யும்போது மட்டும் தற்காலிகமாக அடைக்கலாம், அடைத்ததை எடுக்க மறக்காமல்.

ஓட்டும்போது உள்ளே புகை வாசனை வந்தால் அலட்சியம் வேண்டாம். செங்குத்தான பின்புறத்துக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால், ஓடும் எஸ்டேட் காரைச் சுற்றி சைலன்சர் புகை சுழன்று வந்து சின்ன இடைவெளி கிடைத்தாலும் உள்ளே புகுந்துவிடும். தண்ணீர் வரும் அதே ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடும் வரலாம்.

வடிகாலை மறப்பது

சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காக வைத்ததே இல்லை. கொஞ்சம் உள்ளே வரும், அடியில் இருக்கும் தட்டு அதை ஏந்தி, மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறக்கி வெளியே விடும். ஆக, சன்ரூஃப் ரப்பரில் சிலிக்கான் பூசுவது வீண்வேலை. குழாயில் தண்ணீர் போகிறதா என்று ஒரு டம்ளர் ஊற்றிப் பாருங்கள். அடைத்திருந்தால் கம்ப்ரெஸர் காற்றை அடிக்காதீர்கள். பழைய குழாய் தூணுக்குள் இணைப்பிலிருந்து கழன்றால், அதை மாட்டக் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழையை மெதுவாக நுழைத்து எடுப்பது போதும்.

கதவிலும் இதே கதை. கண்ணாடி இறங்கும் பிளவு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும், அடித்துளைகளில் வெளியேறும். அது காருக்குள் வராமல் தடுப்பது, கதவுப் பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாற்றுகிறவர் அதைக் கிழித்துவிட்டு, பேனலை அழுத்தி மாட்டிவிட்டுப் போயிருப்பார். இப்படி ஈரமான கார்களுக்குக் கணக்கில்லை. பழைய பசையை எடுத்துவிட்டு, பியூட்டைல் பட்டையால் (காயாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் பட்டை) தாளை மறுபடி ஒட்டினால் தீர்ந்தது.

பானெட்டுக்குப் பின்னால், வைப்பருக்கு அடியில் இலைச்சருகு சேரும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பாசாட் பி5 தலைமுறையில் இது பேர்போன விஷயம். பேட்டரிக்கு அடியில் உள்ள வடிதுளை அடைத்தால் தண்ணீர் மட்டம் ஏறி காருக்குள் புகும். கதவுப் பூட்டுகளையும் ஜன்னல்களையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கார்பெட்டுக்கு அடியில் தரையிலேயே இருப்பதால், அதுவும் நனைந்து போகும். சருகை வாரிப் போடுவது ஐந்து நிமிட வேலை.

கையில் கிடைத்த சிலிக்கானைப் பூசுவது

வினிகர் மாதிரி வாசனை அடிக்கும் சிலிக்கான் இருக்கிறதே, அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயின்ட் போன தகட்டில் அது பட்டால் துருவுக்கு நாமே அழைப்பு வைத்த மாதிரி. தவிர, சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது, வேறு சீலரும் ஒட்டாது. வெளியே பூசிவிட்டால் இன்னொரு வம்பு: வேறு வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும்.

கழற்றி மாட்டும் சாமான்களுக்கு, அதாவது லைட், ரூஃப் ரெயில் அடிப்பகுதி போன்றவற்றுக்கு, பியூட்டைல். தகட்டு மடிப்புகளுக்குப் பாலியூரித்தேன் சீலர், அதுவும் பழைய சீலரைச் சுரண்டி, துருவை நீக்கி, பிரைமர் அடித்த பிறகு. முன்கண்ணாடி ஓரம் ஒழுகினால் மேலே பசை தடவாதீர்கள். ஒட்டிய கண்ணாடிக்கு அடியில் துரு இருந்தால் கண்ணாடியை எடுத்துத்தான் சரிசெய்ய முடியும். பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது முட்டுக்கொடுப்பதே முன்கண்ணாடிதான், ஆகவே அதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பீடிங்கும் அப்படித்தான். மாற்றும் முன், கதவுக்கும் பீடிங்குக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் வழுக்கி வந்தால் குறை பெரும்பாலும் ரப்பரில் இல்லை. கதவு சாய்ந்திருக்கிறது, அல்லது பூட்டு சேரும் கொக்கியைச் சரிசெய்ய வேண்டும்.

மேலே காய்ந்தால் போதும் என்று விடுவது

கார்பெட்டின் மேல்பக்கம் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். அதன் அடியில் உள்ள தடித்த ஃபோம் மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். பூஞ்சை வாடையும் தரைத் துருவும் அங்கிருந்துதான். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபோமைப் பிழிந்து தனியாகக் காயவைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர்கள் இருந்தால் அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அவற்றையோ, திரை ஏர்பேக் (ஜன்னல் ஓரமாகத் திரைபோல் விரிவது) உள்ள தூண் மூடிகளையோ தொடும் முன் சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருங்கள். தேங்கிய தண்ணீரை விடத் தரையின் ரப்பர் மூடியைப் பிடுங்கினால் அதே நாளில் திரும்ப மாட்டுங்கள். "இனிமேல் தானா வடியட்டும்" என்று திறந்துவிட்டால் சாலைத் தண்ணீர் அந்த வழியாகவே ஏறி வரும்.

சரிசெய்த பிறகு பேனல்களை அவசரமாக மாட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று நல்ல மழை போகட்டும், பவுடர் தூவிய தகடு அப்படியே இருக்கட்டும். என் காரில் அந்தக் குழாயை இணைக்கப் பத்து நிமிடம் ஆனது. டெயில் லைட்டைச் சுற்றி நான் பூசியிருந்த சிலிக்கானைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள். அதற்கு அடியில், விரல் அகலத்துக்கு, புதுத் துரு.